வேலையை விட்டது ஒருத்தர், விடாதவங்க மூணு பேர்

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். என் மெயில் டிராப்ட்ஸ்ல ஒரு ராஜினாமாக் கடிதம் ரெண்டு வருஷமா தூங்கிட்டு இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு கிளையன்ட் கால் முடிஞ்சு லேப்டாப்பை மூடறதுக்கு முன்னாடி அதைத் திறந்து பார்ப்பேன். ஒரு வார்த்தையை மாத்துவேன். திரும்ப மூடிடுவேன்.

உங்ககிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கலாம். படம் வரையணும், போட்டோ எடுக்கணும், மண்பாண்டம் செய்யணும், நாடகம் போடணும்னு ஆசை இருக்கும். வேலை கழுத்தைப் பிடிக்கும். போனைத் திறந்தா, "லட்ச ரூபாய் சம்பளத்தைத் தூக்கி எறிஞ்சேன், இப்ப சந்தோஷமா இருக்கேன்"னு யாராவது மலை உச்சியில நின்னு பேசுவாங்க. அந்த வீடியோவை எடுத்தது யாரு, அவங்க வீட்டு வாடகையை யார் கட்டறாங்கன்னு மட்டும் அதுல வராது.

இந்த எபிசோட்ல, அந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா மாதிரி இருக்கற ஒரு கதையைப் பார்க்கப் போறோம். பாரிஸ்ல பங்குச் சந்தையில வேலை பார்த்துட்டு, அதை விட்டுட்டு ஓவியரான பால் கோகனோட கதை. கதை பழசுதான். ஆனா கணக்குப் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு அதைப் படிச்சா வேற மாதிரி தெரியும்.

நாவல் சொன்ன கதை

கோகன் 1903-ல இறந்தார். பதினாறு வருஷம் கழிச்சு, 1919-ல, சாமர்செட் மாம் 'தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்'னு ஒரு நாவல் எழுதினார். லண்டன்ல ஒரு பங்குத் தரகர். மனைவி, ரெண்டு குழந்தைங்க. ஒருநாள் எல்லாரையும் விட்டுட்டு பாரிஸ் போயிடறார். வேற பொண்ணுக்காகப் போயிருப்பார்னு எல்லாரும் நினைக்கறாங்க. இல்ல, படம் வரையறதுக்காகப் போயிருக்கார். கடைசியில தாஹிட்டி தீவுக்குப் போய், அங்கேயே வரைஞ்சு, அங்கேயே இறந்து போறார். இதுக்காக மாம் தாஹிட்டிக்கே போய் விவரம் சேகரிச்சவர். கோகன் கண்ணாடியில வரைஞ்ச ஒரு கதவைக்கூட அங்கிருந்து வாங்கிட்டு வந்தார்.

அந்த நாவலுக்கு அப்புறம் கோகனோட நிஜ வாழ்க்கையும் நாவல் மாதிரியே நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. வேலையில இருந்தார், ஒருநாள் உள்ளே ஏதோ ஒண்ணு கூப்பிட்டுச்சு, எழுந்து போயிட்டார். அவ்வளவுதான் கதைன்னு நினைச்சுக்கறோம்.

அதே நாவல்ல இன்னொரு விஷயமும் இருக்கு. புருஷன் போனதுக்கு அப்புறம் அந்த மனைவி டைப்பிங் கத்துக்கிட்டு, ஒரு டைப்பிங் ஆபீஸ் நடத்திப் பிழைக்கறாங்க. நாவலைப் படிச்ச பல பேருக்கு அந்த இடம் ஞாபகத்துல இருக்காது. இந்த எபிசோட் அந்த மறந்து போன இடத்தைப் பத்தினதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியர்

கோகன் 1848-ல பாரிஸ்ல பிறந்தார். அப்பா பத்திரிகையாளர். குடும்பம் பெருவுக்குக் கப்பல்ல போகும்போது, வழியிலேயே அப்பா இறந்துட்டார். சின்ன வயசுல சில வருஷம் லிமா நகரத்துல வளர்ந்த பையன் அவர். பதினேழு வயசுல வணிகக் கப்பல்ல வேலைக்குச் சேர்ந்தார், பிறகு கடற்படையில இருந்தார். அந்த சமயத்துலயே அம்மாவும் இறந்துட்டாங்க.

அம்மாவுக்குப் பிறகு அவருக்குப் பொறுப்பா இருந்தவர் குஸ்தாவ் அரோசாங்கிற பணக்காரர். 1872-ல பெர்டன் என்கிற புரோக்கர் கம்பெனியில கோகனுக்கு வேலை கிடைச்சது அவராலதான். அரோசா வீட்டுச் சுவர் முழுக்க டெலக்ருவா, கொரோ, கூர்பே, பிஸாரோ மாதிரி ஓவியர்களோட படங்கள். ஆக, வேலையும் ஓவியமும் ஒரே வீட்டு வாசல் வழியாத்தான் கோகன் வாழ்க்கைக்குள்ள வந்துச்சு.

அடுத்த வருஷம், 1873-ல, மெட்டே காட்ங்கிற டென்மார்க் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அடுத்த பத்து வருஷத்துல அஞ்சு குழந்தைங்க. எமில், அலீன், குளோவிஸ், ழான் ரெனே, போலா. இந்தப் பேர்களைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க.

கோகன் நல்லா சம்பாதிச்சார். 1870-களோட கடைசியில வருஷத்துக்குச் சுமார் 30,000 பிராங்க் வருமானம்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. ஒரு நாளைக்கு 82 பிராங்க். இந்த 82-ஐயும் ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்தக் காசுல அவர் பிஸாரோ, செசான் மாதிரி, அப்ப யாரும் பெருசா மதிக்காத ஓவியர்களோட படங்களை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாள்லயும் தானே வரைஞ்சார். பிஸாரோ கூடவே போய் உட்கார்ந்து வரைஞ்சு கத்துக்கிட்டார். 1876-ல பாரிஸோட அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோன்ல அவரோட ஒரு படம் இடம் பிடிச்சது. 1879-லேருந்து இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களோட கண்காட்சிகள்ல கலந்துக்க ஆரம்பிச்சார். 1881 கண்காட்சியில அவர் வைச்ச ஒரு படத்தை எழுத்தாளர் ஹுய்ஸ்மான்ஸ் மனசாரப் பாராட்டி எழுதினார்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துவோம். இது எல்லாம் நடந்தப்ப அவர் இன்னும் வேலையிலதான் இருந்தார். ஒருநாள் காலையில எழுந்து தூரிகையைக் கையில எடுத்தவர் கிடையாது. வேலையை விடறதுக்கு முன்னாடியே பத்து வருஷம் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு ஃபீஸ் கட்டினது பங்குச் சந்தை.

1882, ஜனவரி

1882 ஜனவரியில 'யூனியோன் ஜெனரால்'னு ஒரு பெரிய பிரெஞ்சு வங்கி கவிழ்ந்துச்சு. பங்கு விலையை ஊதிப் பெருக்கி, கடைசியில வெடிச்ச பலூன் அது. பாரிஸ், லியோன் ரெண்டு ஊர்ச் சந்தையும் ஆடிப் போச்சு. எமில் ஸோலா பிறகு இந்த வீழ்ச்சியை வச்சு ஒரு நாவலே எழுதினார். அதுக்கப்புறம் சில வருஷம் பிரெஞ்சுப் பொருளாதாரம் மந்தமாவே கிடந்துச்சு.

தரகர்களுக்கு கமிஷன் குறைஞ்சது. வேலைகள் போச்சு. ஓவியம் வாங்கற பணக்காரங்க கையை மூடிக்கிட்டாங்க. இந்தச் சூழ்நிலையிலதான், 1883-ல, பதினோரு வருஷம் பணம் புழங்கற உலகத்துல இருந்த கோகனோட வேலை வாழ்க்கை முடிவுக்கு வந்துச்சு. அவர் குதிச்சது உண்மைதான். ஆனா அவர் நின்னுக்கிட்டிருந்த தரையே அப்ப நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு.

இன்னொரு விஷயம். அவரோட திட்டம் பட்டினி கிடந்து கலை படைக்கறது கிடையாது. படம் வித்துக் குடும்பத்தை நடத்தலாம்னு நம்பினார். அவரே படங்கள் வாங்கினவர், விலை ஏறினதைப் பார்த்தவர். அதனால அந்த நம்பிக்கை. ஆனா அவர் பார்த்த சந்தை 1882-க்கு முந்தின சந்தை.

1883 டிசம்பர்ல கடைசிப் பையன் போலா பிறந்தான். பிறப்புச் சான்றிதழ்ல அப்பாவோட தொழில்ங்கிற இடத்துல கோகன் 'ஓவியர்'னு பதிவு பண்ணினார். நாம இன்னைக்கு ப்ரொஃபைல்ல 'ஆர்ட்டிஸ்ட்'னு மாத்திக்கற மாதிரி. அந்தப் பதிவு நடந்தப்ப வீட்டுல அஞ்சு குழந்தைங்க. மூத்தவனுக்கு ஒன்பது வயசு.

தார்ப்பாய் விற்றவர்

1884 ஜனவரியில குடும்பம் பாரிஸை விட்டு ரூவான் நகரத்துக்குப் போச்சு. அங்க செலவு குறைவு. அந்த ஊர்ப் பணக்காரங்க படம் வாங்குவாங்கன்னு எதிர்பார்த்தார். வாங்கல. சேமிப்பு கரைஞ்சது. அந்த வருஷமே மெட்டே குழந்தைகளோட கோபன்ஹேகன்ல இருக்கற தன் அம்மா வீட்டுக்குப் போனாங்க. பின்னாடியே கோகனும் போனார்.

அங்க அவர் ஒரு பிரெஞ்சு கம்பெனியோட தார்ப்பாய் விற்பனைப் பிரதிநிதி. ஆமா, தார்ப்பாய்தான். நம்ம ஊர்ல லாரி மேல போட்டுக் கட்டறோமே, அந்த வகை நீர் புகாத துணி. அவருக்கு டேனிஷ் மொழி தெரியாது. வாங்க ஆளும் இல்ல. வீட்டுல சாப்பாடு எப்படி வந்துச்சுன்னா, மெட்டே பிரெஞ்சு வகுப்பு எடுத்தாங்க, மொழிபெயர்ப்பு வேலை செஞ்சாங்க. வெளிநாட்டுத் தூதரக வேலைக்குத் தயாராகற இளைஞர்கள் அவங்ககிட்ட பிரெஞ்சு கத்துக்க வீட்டுக்கே வந்தாங்க.

1885 ஜூன்ல கோகன் தனியா பாரிஸ் திரும்பினார். முழுசா தனியா இல்ல. ஆறு வயசு குளோவிஸைக் கூட்டிக்கிட்டுப் போனார். மத்த நாலு பேரும் அம்மாகிட்ட. அந்தக் குளிர்காலம் ரொம்ப மோசம். கையில காசு கிடையாது. குளோவிஸுக்கு அம்மை போட்டுச்சு. மருந்துக்கும் ரொட்டிக்கும் வழியில்லாம கோகன் தினக்கூலிக்குப் போஸ்டர் ஒட்டப் போனார். தினம் 82 பிராங்க் பார்த்த மனுஷன் பசை வாளியோட நின்னார்.

இதைக் கேட்டா அவர் மேல பரிதாபம் வருது. எனக்கும் வருது. ஆனா ஓவியரா ஆகணும்னு முடிவெடுத்தவர் கோகன். அம்மையில கிடந்த குளோவிஸ் எந்த முடிவும் எடுக்கல. பையனைப் பிறகு ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. 1887-ல மெட்டே பாரிஸ் வந்து அவனைத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

பக்கத்து சீட்டுக்காரர்

இப்ப கதைக்குள்ள இன்னொருத்தரைக் கொண்டு வரணும். பேரு எமில் ஷுஃபனெக்கர். கோகன் சேர்ந்த அதே 1872-ல, அதே பெர்டன் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்கும் ஓவியப் பைத்தியம். ரெண்டு பேரும் சேர்ந்து ஓவிய வகுப்புக்குப் போனாங்க. நம்ம ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல ஸ்டார்ட்அப் ஐடியா பேசற ரெண்டு ஃப்ரெண்ட்ஸை நினைச்சுக்கங்க.

அவரும் புரோக்கர் வேலையை விட்டார். அவரையும் 1882 வீழ்ச்சி பாதிச்சது. ஆனா அவர் எடுத்த வழி வேற. ஓவிய ஆசிரியருக்கான தகுதிச் சான்றிதழ் வாங்கி, 1884-ல பாரிஸ் பக்கத்துல வான்வ்ங்கிற ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர் ஆனார். மாசச் சம்பளம். மீதி நேரத்துல வரைஞ்சார். 1886-ல நடந்த கடைசி இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில அவர் படங்களும் இருந்துச்சு. சுயேச்சை ஓவியர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர்.

கோகன் 1887-ல சார்ல்ஸ் லவால்ங்கிற இளம் ஓவியரோட பனாமாவுக்குப் போனார். காசு தீர்ந்ததும் கால்வாய் தோண்டற வேலைக்குப் போய் ரெண்டு வாரம் மண் வெட்டினார். அப்புறம் மார்த்தினிக் தீவு. அங்க மலேரியா, வயித்துப்போக்கு. எலும்பும் தோலுமா பாரிஸ் திரும்பினப்ப எந்த வீட்டுக் கதவைத் தட்டினார்? டிராயிங் மாஸ்டர் வீட்டுக் கதவைத்தான். ஒரு தடவை இல்ல, பல தடவை.

1889-ல ஈபிள் கோபுரம் திறந்த அந்த உலகக் கண்காட்சி சமயத்துல, அதிகாரபூர்வ அரங்கத்துல கோகனுக்கும் அவர் நண்பர்களுக்கும் இடம் இல்ல. கண்காட்சித் திடல்லயே இருந்த ஒரு காபிக் கடைச் சுவரைப் பேசி வாங்கி, அவங்க படங்களை மாட்ட ஏற்பாடு பண்ணினவரும் ஷுஃபனெக்கர்தான்.

அதே வருஷம் கோகன் ஷுஃபனெக்கர் குடும்பத்தை ஒரு படமா வரைஞ்சார். அது இன்னைக்கும் பாரிஸ் ஓர்சே மியூசியத்துல இருக்கு. நடுவுல மனைவி பெரிய உருவமா உட்கார்ந்திருக்காங்க. சோறு போட்ட நண்பர் ஓரத்துல, கையைக் கட்டிக்கிட்டு, ஏதோ மன்னிப்புக் கேட்கற மாதிரி ஒடுங்கி நிக்கிறார். பார்த்தா சிரிப்பு வரும், கொஞ்ச நேரத்துல சங்கடமா இருக்கும். சில வருஷத்துக்குள்ள அந்த நட்பு முறிஞ்சு போச்சு.

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். ஷுஃபனெக்கர் பெரிய ஓவியர் இல்ல. பாதுகாப்பான வழியில போனா நல்ல படம் வந்துடும்னு இந்தக் கதை சொல்லல. கோகன் படத்துக்கு முன்னாடி நின்னா, அந்த மனுஷன் யாருக்கும் தெரியாத ஒரு நிறத்தைக் கண்டுபிடிச்சிருக்கார்னு தோணும். மாஸ்டரோட படத்துக்கு முன்னாடி அப்படித் தோணாது. திறமை வேற, சம்பளம் வேற. ஆனா அந்தத் திறமைக்குத் தங்க இடமும் சூப்பும் கொடுத்தது அந்தச் சம்பளம்.

மூணாவது ஆள்

மெட்டே, ஷுஃபனெக்கர். மூணாவது ஆள் தியோ வான்கோ. வின்சென்ட் வான்கோவோட தம்பி. பாரிஸ்ல ஒரு ஓவிய வியாபார கம்பெனியோட கிளையை நடத்தின சம்பளக்காரர். அண்ணனுக்கு மாசாமாசம் பணம் அனுப்பினவர் அவர்தான்.

ஆர்ல் நகரத்துல ஒரு மஞ்சள் வீட்டை வாடகைக்கு எடுத்து, ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்து செலவைப் பகிர்ந்துக்கலாம்னு வின்சென்ட் கனவு கண்டார். அப்ப பிரிட்டனிப் பகுதியில, பொந்தாவென்ங்கிற ஊர்ல, ஒரு விடுதியில கடன் சொல்லித் தங்கியிருந்தார் கோகன். தியோ ஒரு ஒப்பந்தம் சொன்னார். மாசம் 150 பிராங்க் தர்றேன், பதிலுக்கு மாசம் ஒரு படம் கொடுங்க, அண்ணன்கூடப் போய் இருங்க.

1888 அக்டோபர்ல கோகன் ஆர்ல் போனார். ஒன்பது வாரம்தான் தாக்குப் பிடிச்சது. டிசம்பர்ல வின்சென்ட் காதை அறுத்துக்கிட்ட சம்பவம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஒன்பது வாரத்துல ரெண்டு பேரும் வரைஞ்ச படங்கள் இன்னைக்கு உலகத்தோட பெரிய மியூசியங்கள்ல தொங்குது. ரெண்டு பேரோட வாடகை, சாப்பாடு, சாயம் எல்லாத்துக்கும் பின்னாடி தினம் கடையைத் திறந்து மூடின தியோ இருந்தார்.

இப்ப தலைப்பு புரிஞ்சிருக்கும். கோகன் வேலையை விட்டார். ஆனா மெட்டே வகுப்பு எடுக்கறதை விடல. மாஸ்டர் பள்ளிக்கூடத்தை விடல. தியோ கடையை விடல.

தாஹிட்டி

1891 பிப்ரவரியில கோகன் தன்னோட படங்களை பாரிஸ்ல ஏலம் விட்டார். கிட்டத்தட்ட 10,000 பிராங்க் கிடைச்சது. மார்ச்ல கோபன்ஹேகன் போய் மனைவியையும் குழந்தைகளையும் பார்த்தார். அதுதான் கடைசி. ஏப்ரல்ல கப்பல் ஏறினார். அப்ப அவருக்கு 42 வயசு.

தாஹிட்டி ஏற்கெனவே பிரெஞ்சுக் காலனி. அவர் தேடிப் போன கலப்படமில்லாத தீவு அங்க இல்ல. பப்பேட்டேல அதிகாரிகளும் பாதிரியார்களும் தகர ஷெட்டுகளும்தான் இருந்துச்சு. அங்க அவர் துணைவிகளா வச்சுக்கிட்டவங்க 13, 14 வயசுச் சிறுமிகள். அவங்கள்ல தெஹாமானாங்கிற பொண்ணைப் பத்தி அவரே எழுதி வச்சிருக்கார். அந்தக் காலம் அப்படின்னு சொல்லிட்டுத் தாண்டிப் போக எனக்கு மனசு வரல. காலனி அதிகாரம் கையில இருந்த ஒரு நடுவயசு ஆணோட 'சுதந்திரம்', பேச முடியாத குழந்தைகள் மேலதான் நடந்துச்சு. படங்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இதே காலத்துல கோபன்ஹேகன்ல மெட்டே என்ன செஞ்சாங்க? கோகன் நல்லா இருந்த நாள்ல வாங்கி வச்ச செசான், பிஸாரோ மாதிரி ஓவியர்களோட படங்களை ஒண்ணொண்ணா வித்துக் குடும்பத்தை ஓட்டினாங்க. தன் புருஷனோட படங்களையும் வித்தாங்க. 1893-ல கோபன்ஹேகன்ல அவர் படங்களுக்கு ஒரு பெரிய கண்காட்சி நடந்தப்ப அதுக்கு உழைச்சவங்க மெட்டே. விட்டுட்டுப் போன ஆளோட ஏஜென்ட் வேலையையும் அவங்களே பார்த்தாங்க.

அதே வருஷம் கோகன் பிரான்ஸ் திரும்பினார். சித்தப்பா ஒருத்தர் இறந்து சொத்துப் பணம் கைக்கு வந்துச்சு. மெட்டே பங்கு எதிர்பார்த்தாங்க. ஒரு சின்னப் பகுதிதான் போச்சு. 1895-ல அவர் திரும்பவும் தாஹிட்டிக்குக் கிளம்பிட்டார், இந்தத் தடவை நிரந்தரமா.

1897 ஜனவரியில மகள் அலீன் நிமோனியாவுல இறந்தாங்க. இருபது வயசு கூட முழுசா ஆகல. அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச பொண்ணு. கடல் தாண்டிச் செய்தி வந்து சேர சில மாசம் ஆச்சு. மெட்டேக்குக் கோகன் கசப்பா ஒரு கடிதம் எழுதினார். அந்த வருஷத்தோட ரெண்டு பேருக்கும் நடுவுல கடிதப் போக்குவரத்தே நின்னு போச்சு. அந்தத் துக்கத்துலதான், வாழ்க்கை எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு கேட்கற, கிட்டத்தட்ட 4 மீட்டர் அகலமான தன்னோட மிகப் பெரிய படத்தை வரைஞ்சார். இப்ப அது பாஸ்டன்ல இருக்கு.

மறுபடியும் ஆபீஸ்

இனி வர்றது, ரீல்ஸ்ல வரவே வராத பகுதி. 1898-ல, கடனும் உடம்பு சரியில்லாததும் சேர்ந்து நெருக்க, கோகன் பப்பேட்டேல பொதுப்பணித் துறை ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தார். வரைபடம் நகல் எடுக்கற மேஜை வேலை. சம்பளம் நாளைக்கு 6 பிராங்க்.

82 ஞாபகம் இருக்கா? பதினஞ்சு வருஷம், மூணு கடல் தாண்டி, குடும்பத்தை இழந்து, மறுபடியும் ஒரு ஆபீஸ் நாற்காலி. அங்க இருந்த மாசங்கள்ல அவர் அனேகமா எதுவும் வரையல.

அவரை அந்த இடத்துலேருந்து வெளியே கொண்டு வந்தது உத்வேகம் இல்ல. ஒரு ஒப்பந்தம். 1900-ல அம்புருவாஸ் வொல்லார்ங்கிற பாரிஸ் வியாபாரி, மாசம் 300 பிராங்க் அனுப்பறேன், வருஷத்துக்கு இருபது இருபத்தஞ்சு படம் அனுப்புங்கன்னு ஏற்பாடு பண்ணினார். அதாவது மாசச் சம்பளம். மாசம் முதல் தேதியைப் பத்திக் கவலைப்படாம வரைய முடிஞ்சது, பல வருஷத்துல அப்பதான். அந்தத் தைரியத்துலதான் 1901-ல இன்னும் தூரத்துல இருக்கற மார்க்கேசஸ் தீவுகளுக்குப் போனார்.

1903 மே 8-ஆம் தேதி அங்கேயே இறந்தார். 54 வயசு. மூணு வருஷம் கழிச்சு, 1906-ல, பாரிஸ்ல அவரோட 227 படைப்புகளை வச்சு ஒரு பெரிய நினைவுக் கண்காட்சி நடந்துச்சு. அதைப் பார்த்த இளம் ஓவியர்கள் வழியா இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தோட போக்கே மாறிச்சு. அவரோட தாஹிட்டிப் படம் ஒண்ணு சில வருஷங்களுக்கு முன்னாடி 20 கோடி டாலருக்கும் மேல கைமாறுச்சு.

கணக்கு

அம்மையிலேருந்து பிழைச்ச குளோவிஸ் 1900-ல, 21 வயசுல இறந்துட்டான். ழான் ரெனே டென்மார்க்ல சிற்பி ஆனார். அந்தக் காலத்துல ஒலிம்பிக்ல கலைப் போட்டியும் உண்டு. 1924-ல அதுல சிற்பத்துக்கு வெண்கலப் பதக்கம் வாங்கினார். போலாவும் ஓவியரா, கலை விமர்சகரா வந்து, அப்பாவைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். பையன்களுக்குக் கலை அப்பாகிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லுவாங்க. வந்திருக்கலாம். ஆனா அவங்களுக்கு சாப்பாடும் பள்ளிக்கூடமும் வந்த வழி, வீட்டு முன் அறையில நடந்த பிரெஞ்சு வகுப்பு. மெட்டே 1920-ல இறந்தாங்க.

இதை வச்சுக்கிட்டு 'வேலையை விடாதீங்க'ன்னு அறிவுரை சொல்ல வரல. கோகன் தரகராவே இருந்திருந்தா அந்தப் படங்கள் நமக்குக் கிடைச்சிருக்காது. அதே மாதிரி, குடும்பத்தை வதைச்சாதான் கலை வரும்ங்கிறதுக்கும் இந்தக் கதையில எந்த ஆதாரமும் இல்ல. பணம் இல்லாத மாசங்கள்ல அவர் போஸ்டர் ஒட்டினார், மண் வெட்டினார், வரைபடம் நகல் எடுத்தார். தியோவோட 150 பிராங்கும் வொல்லாரோட 300 பிராங்கும் வந்த மாசங்கள்ல படம் வரைஞ்சார். கஷ்டம் அவரை ஓவியராக்கல. நேரம் ஆக்குச்சு. அந்த நேரத்தை யாரோ ஒருத்தர் தன் உழைப்பால வாங்கிக் கொடுத்தாங்க.

கோகன் மேல எனக்கு இருக்கற கோபம், அவர் விட்டுட்டுப் போனதுக்காக மட்டும் இல்ல. வாங்கிக்கிட்டதைக் கணக்குல எழுதவே இல்லையே, அதுக்காக. சோறு போட்ட நண்பனைக் கேலிப்படமா வரைஞ்சார். சொத்துப் பணம் வந்தப்ப மெட்டேயை மறந்தார். கலைக்காகத் தியாகம் பண்ணினேன்னு அவர் நினைச்சுக்கிட்டார். அந்தத் தியாகத்துல பெரிய பங்கு மத்தவங்களோடது.

நம்ம வீடுகள்லயும் இது நடக்குது. தம்பி குறும்படம் எடுக்கட்டும்னு அக்கா லோன் ஈஎம்ஐ கட்டறாங்க. புருஷன் பாட்டுப் பாடட்டும்னு மனைவி நைட் ஷிஃப்ட் போறாங்க. அப்பா ரிட்டயர் ஆகறதை ரெண்டு வருஷம் தள்ளிப் போடறார். டைட்டில் கார்டுல 'நன்றி'ன்னு ஒரு வரி ஓடும். அதோட சரி.

இந்த எபிசோடுக்காகப் படிச்சுட்டு இருந்தப்ப, என் டிராப்ட்ல இருக்கற கடிதத்தை மறுபடியும் திறந்தேன். இந்தத் தடவை வார்த்தையை மாத்தல. பக்கத்துல ஒரு தாள் எடுத்து, நான் வேலையை விட்டா அடுத்த மூணு வருஷம் வாடகை, அம்மாவோட மருந்து, இன்ஷூரன்ஸ் இதெல்லாம் யார் தலையில விழும்னு பேர் எழுதினேன். மூணு பேர் வந்தாங்க. அவங்க மூணு பேர்கிட்டயும் நான் இதுவரைக்கும் இதைப் பத்தி வாயே திறக்கல.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேசலாம்னு இருக்கேன். நீங்களும் ஒரு தாள் எடுத்து எழுதிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.